கால் சுவிச் காலுக்கே: மொறிஸ் மைனரில் சுவிச்சுகளை இடம்மாற்றிய வேலை

போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குக் காரை மேற்குப் பார்த்து நிறுத்தி, முகத்தில் வெயில் அடிக்க அடிக்க இடப்பக்கச் சிக்னலைப் போட்டேன். பச்சை லைற் விட்டு விட்டு எரிவது தெளிவாகத் தெரிந்தது. நாலு மாதமாக இழுபட்ட வேலை அதோடு ஒரு முடிவுக்கு வந்தது. இப்போதே எழுதி வைக்காவிட்டால் எந்த ஒயர் எங்கே போகிறது என்று எனக்கே மறந்துவிடும். இதே கார் வைத்திருக்கிறவர்களுக்கும் உதவக்கூடும்.

கார் 1963 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000. 1098 சிசி எஞ்சின், பற்றரியைச் சார்ஜ் செய்ய லூக்காஸ் கொம்பனி டைனமோ, சாவி ஒன்று, செல்ப் அடிக்க இழுக்கிற குமிழ் வேறொன்று. அப்பா 1978 இல் வாங்கினது. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில் இங்கே ஓடின மற்றக் கார்களைப் போல இதுவும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. குளிர்ந்த எஞ்சினைத் துளிப் பெற்றோலில் கிளப்பி, சூடேறின பிறகு மண்ணெண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். அதற்காக அப்பா பூட்டின இருவழிக் குழாயின் துளை டாஷ்போட்டுக்குக் கீழே உள்ள தட்டின் மூலையில் இன்னும் இருக்கிறது. அதை நான் அடைக்கவில்லை, அடைக்கவும் மாட்டேன். ஆனால் இனி இந்தக் காரில் புதிதாக ஒரு துளைகூடப் போடுவதில்லை என்ற முடிவோடுதான் வேலையைத் தொடங்கினேன்.

ஏன் இந்த வேலை? மைனரில் வேகமானி டாஷ்போட்டின் நடுவில் இருக்கிறது. சாவியும் குமிழ்களும் அதைச் சுற்றித்தான். சிக்னல் எரிகிறதா என்று காட்டுகிற பச்சை லைற் மட்டும் சிக்னல் கம்பின் நுனியில் ஒரு மணி போல இருக்கிறது. இரவில் பார்க்க அவ்வளவு அழகு. பகலில் எங்கள் வெயிலுக்கு அது எரிகிறதா அணைந்ததா என்று ஒன்றும் தெரியாது. கம்புக்குள்ளால் போகிற மெல்லிய ஒயரும் தேய்ந்து, சில நாள் எரியும், சில நாள் எரியாது. சிக்னலை அணைக்க மறந்து சுன்னாகம் வரைக்கும் போன நாட்கள் உண்டு. பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரருக்கு அது ஆபத்து.

அதோடு, முன்பு யாரோ பூட்டின மூன்று சுவிச்சுகள் கீழ்த் தட்டிலிருந்து தொங்கிக்கொண்டிருந்தன. சின்ன மின்விசிறிக்கு ஒன்று, முன் பனி லைற்றுகளுக்கு ஒன்று, மூன்றாவது எதற்கும் இல்லை. ஏறி இறங்கும்போதெல்லாம் முழங்கால் அதில் இடிக்கும். கிளச்சுக்குப் பக்கத்தில், தரையில் இருக்கிற, ஹெட்லைற்றைத் தூர வெளிச்சத்திலிருந்து தாழ்த்துகிற டிப் சுவிச் மழைத்தண்ணீர் தேங்கித் துருப்பிடித்து, நாலு தரம் மிதித்தால் ஒரு தரம்தான் மாறியது.

முதலில் செய்த வேலைக்குச் செலவே இல்லை. பால்மாப் பெட்டி அட்டையில் ஒரு துண்டு வெட்டி, ஓட்டுநர் பக்கம் டாஷ்போட்டில் இருக்கிற திறந்த பெட்டியின் வாயில் ஒட்டினேன். ஓட்டும்போது இருக்கிறது போலவே சாய்ந்திருந்து, ஸ்ரியரிங்கை நேராகவும் பிறகு இரண்டு பக்கமும் கால் வட்டம் திருப்பியும் வைத்து, எந்த இடம் மறைகிறது என்று பென்சிலால் குறித்தேன். மகள் சின்ன ரோச் லைற்றை அட்டையின் மேல் நகர்த்திக்கொண்டு போனாள்; நான் தலையைத் திருப்பாமல் தெருவைப் பார்த்தபடி "தெரியுது, தெரியேல்லை" என்று சொன்னேன். அட்டையின் மேல் இடது மூலையில், நாலு சென்ரிமீற்றர் அகலத்துக்குள் மட்டும்தான் லைற் எப்போதும் கண்ணில் பட்டது. அரை மணித்தியாலம் செலவழித்த இந்த வேலைதான் கடைசிவரை மாறாமல் நின்றது. மற்ற எல்லாவற்றையும் குறைந்தது ஒரு தரமாவது கழற்றிப் பூட்டினேன்.

லைற்றையும் சுவிச்சுகளையும் பூட்டுகிற பலகைக்கு முதிரை மரம் எடுத்தேன். மரக்காலையில் பழைய யன்னல் சட்டத் துண்டு ஒன்று 300 ரூபாய்க்குக் கிடைத்தது. இழைத்து 8 மில்லிமீற்றருக்குக் கொண்டுவந்து, 210 க்கு 70 மில்லிமீற்றர் அளவில் வெட்டினேன். முதிரை வாளுக்கு இலகுவில் விட்டுக்கொடுக்காது. ஆனால் அரத்தால் சீவி, மெல்லிய சான்ட்பேப்பர் போட்டு, தேங்காய் எண்ணெய் தடவினதும் வருகிற அந்த மஞ்சள் பளபளப்பு காருக்குள் பொருந்தியிருக்கிறது. துளை போடாமல் நிறுத்துவதற்குப் பலகையின் பின்னால் இரண்டு அலுமினியப் பட்டிகளை வளைத்து, பெட்டியின் கீழ் உதட்டைக் கவ்வுகிற மாதிரி ஒவ்வொன்றுக்கும் ஒரு நட் வைத்தேன். உதட்டில் பெயின்ற் உராயாமல் இருக்கப் பழைய சைக்கிள் ரியூப் துண்டு.

இங்கேதான் முதல் பிழை. டொகிள் சுவிச்சின் கழுத்து 12 மில்லிமீற்றர் விட்டம், அதன் மரை 9 மில்லிமீற்றர் நீளம். 8 மில்லிமீற்றர் பலகைக்குள்ளால் விட்டால் நட் பிடிக்க ஒரு சுற்றுக்கூட மிச்சமில்லை. பின்பக்கத்தால் தட்டை அலகு போட்டு 4 மில்லிமீற்றர் ஆழத்துக்குக் குடைய வேண்டி வந்தது. மூன்றாவது குடைவில் அலகு துள்ளி, ஓரத்தில் ஒரு சிராய் பெயர்ந்துபோனது. அது இப்போதும் இருக்கிறது.

அடுத்தது ஒயர்கள். மைனரில் பற்றரி எஞ்சினுக்குப் பின்னால், தடுப்புத் தகட்டுத் தட்டில் இருக்கிறது. அதன் இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் டாஷ்போட்டுக்குப் பின்னால் கை வைத்தேன். அறுபது வருடத்தில் எல்லா ஒயரும் ஒரே மண்ணிறமாகிவிட்டது. மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, இணைப்புக் குழலுக்குள் ஒளிந்திருந்த பகுதியைப் பார்த்தால் நிறம் தெரியும். லூக்காஸ் ஒயரிங்கில் நிறம்தான் வரைபடம். மண்ணிறம் எப்போதும் பற்றரியோடு. வெள்ளை சாவி திறந்த பிறகு. பச்சை சாவியும் பியூஸும் கடந்து வருவது. பச்சையில் சிவப்புக் கோடு இடச் சிக்னல், வெள்ளைக் கோடு வலச் சிக்னல். லைற் சுவிச்சிலிருந்து டிப் சுவிச்சுக்கு நீலம் வருகிறது. அங்கிருந்து நீலம்-வெள்ளை தூர வெளிச்சத்துக்கும் நீலம்-சிவப்பு டிப்புக்கும் பிரிகின்றன. எனக்கு வேண்டிய ஒயர் இளம்பச்சையில் ஊதாக் கோடு போட்டது. சிக்னலை விட்டு விட்டு எரிய வைக்கிற பிளாஷர் குப்பியின் 'பி' முனையிலிருந்து கம்பு நுனி லைற்றுக்குப் போவது அதுதான்.

அந்த ஒயரைப் பிளாஷரிலேயே கழற்றி, புது ஒயர் இழுத்து, பலகையில் பூட்டின பச்சை எல்.ஈ.டி.க்குக் கொண்டுவந்தேன். சிவப்பு ஒயர் 'பி' முனைக்கு, கறுப்பு ஒயர் பாடிக்கு. சாவியைத் திறந்து சிக்னலைப் போட்டேன். வெளியே சிக்னல் எரிந்தது, உள்ளே பச்சை எரியவில்லை. எல்.ஈ.டி. பழுது என்று நினைத்துக் கடையில் மாற்றினேன். அதுவும் எரியவில்லை. இன்னொன்று வாங்கினேன். எரியவில்லை. அப்போதாவது நின்று யோசித்திருக்க வேண்டும். பிளாஷர் பழசாகிவிட்டது என்று முடிவுகட்டி, 1,450 ரூபாய்க்கு மூன்று முனை எலக்ரோனிக் பிளாஷர் ஒன்று வாங்கிப் பூட்டினேன். ஒரே ஒரு தரம் 'டிக்' என்றது. பிறகு சத்தமே இல்லை. பிளாஸ்ரிக் கருகின மணம் மட்டும் வந்தது.

மூன்று கிழமை காரைத் தொடவில்லை. பிறகு கொக்குவிலில் பழைய கார்களுக்கு ஒயரிங் செய்கிற பெரியவர் ஒருவரிடம் போனேன். எழுபது வயது தாண்டியிருக்கும். பொனற்றைத் திறந்தார், ஒரு பார்வை பார்த்தார்.

"தம்பி, பற்றரியைப் பாத்தனீரோ?"

"பாத்தனான் ஐயா. போன வருசம் போட்ட பற்றரி."

"புதுசோ பழசோ எண்டு கேக்கேல்லை. பாடியில எந்தக் கம்பி பூட்டிக் கிடக்கு?"

"பிளஸ்."

"அப்ப ஏன் கறுப்பைக் கொண்டுபோய்ப் பாடியில பூட்டினனீர்?"

இந்தக் காரில் பாடிதான் பிளஸ். ஒயர்களில் வருவது மைனஸ். எத்தனை தரம் பற்றரி மாற்றியிருக்கிறேன், பிளஸ் பாடிக்குத்தான் போகிறது என்று கைக்குத் தெரியும், ஆனால் எல்.ஈ.டி. பூட்டும்போது அது நினைவுக்கு வரவில்லை. சாதாரண பல்புக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். எல்.ஈ.டி.க்கு அப்படியல்ல. எலக்ரோனிக் பிளாஷருக்கோ உயிரே போய்விடும். பெரியவர் சிவப்பைப் பாடிக்கும் கறுப்பை 'பி' முனைக்கும் மாற்றிப் பிடித்துக் காட்டினார். பழைய குப்பிப் பிளாஷரோடேயே பச்சை எரிந்தது. காசு வாங்கவில்லை. தேத்தண்ணி குடிக்கச் சொன்னார்.

அவர் இன்னொன்றும் சொன்னார். இடத்துக்கு ஒன்று, வலத்துக்கு ஒன்று என்று இரண்டு பச்சை லைற் வைக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். இந்தப் பிளாஷரின் 'பி' முனை, வெளியே இரண்டு பல்பும் சரியாக எரிந்தால்தான் உள்லைற்றை எரிக்கும். ஒரு பல்பு பீஸ் போனாலும் உள்ளே பச்சை சொல்லிவிடும். தனித்தனியாகச் சிக்னல் ஒயரிலிருந்து எடுத்தால் அந்த எச்சரிக்கை போய்விடும். ஒரே லைற்றோடு விட்டேன். அது எவ்வளவு நல்லது என்று அடுத்த மாதமே தெரிந்தது. பின் வலப்பக்கப் பல்பு போனதைப் பலகைதான் எனக்குச் சொன்னது.

எல்.ஈ.டி.யின் வெளிச்சம் பகலுக்குப் போதாமலும் இரவுக்குக் கூடியும் இருந்தது. பகலுக்கு, 16 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாயில் ஒரு விரல்நுனி நீளம் சரிவாக வெட்டி, உள்ளே கறுப்புப் பூசி, லைற்றுக்கு மேல் குடையாக ஒட்டினேன். இரவுக்கு, தொடரில் ஒரு 2.2 கிலோ ஓம் தடை. முதலில் போட்ட 4.7 கிலோவில் பகலில் தெரியவில்லை, 1 கிலோவில் இரவில் கண் கூசியது.

இனி டிப் சுவிச். இதில்தான் பெரிய பிழை விட்டேன். தரையில் தண்ணீர் தேங்குகிற இடத்தில் சுவிச் எதற்கு, கையால் போடுகிற மாதிரிப் பலகைக்குக் கொண்டுவந்தால் என்ன என்று நினைத்தேன். நீலம், நீலம்-வெள்ளை, நீலம்-சிவப்பு மூன்றையும் 1.1 மீற்றர் நீட்டினேன். கடையில் இருந்தது 14 இழை ஒயர். அது 8 ஆம்பியர் சொச்சத்துக்குத்தான்; இரண்டு ஹெட்லைற்றும் சேர்ந்து அதே 8 ஆம்பியரைத் தொடுகின்றன. மல்ரிமீற்றரில் பார்த்தபோது இந்த நீட்டலிலும் சுவிச்சிலும் மட்டும் 0.4 வோல்ற் விழுந்தது, கையால் தொட்டால் ஒயர் வெதுவெதுப்பு. 28 இழை ஒயருக்கு மாற்றினேன், 0.2 ஆகக் குறைந்தது. வேலை திறமாக முடிந்தது என்று நம்பினேன்.

அந்தச் சனிக்கிழமை வேலணையில் ஒரு சாமத்தியவீடு. திரும்பும்போது இரவு ஒன்பதரை. பின்சீற்றில் அம்மா. பண்ணைத் தாம்போதியில் தெருவுக்கு இரண்டு பக்கமும் கடல்தான். எதிரே பஸ் ஒன்று வந்தது, வெளிச்சம் கண்ணைக் குத்தியது. டிப் போடக் கையைப் பலகைக்குக் கொண்டுபோனேன். முதலில் விரலில் பட்டது விசிறிச் சுவிச், அது நின்றது. அடுத்ததைத் தள்ளினேன். எல்லாம் இருட்டு.

நான் வாங்கினது மூன்று நிலைச் சுவிச். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் இரண்டுக்கும் தொடர்பு இல்லாத நிலை. பகலில் வீட்டு முற்றத்தில் சோதிக்கும்போது ஒரே தள்ளலில் மேலிருந்து கீழே போட்டதால் அந்த நடு நிலையை நான் கவனிக்கவே இல்லை. இரவில் பயந்த விரல் பாதித் தூரம்தான் தள்ளியது. பஸ் கடந்துபோன காற்றில் கார் அசைந்தது. தெரு எங்கே, கடல் எங்கே என்று தெரியவில்லை. இரண்டு செக்கன் இருக்கும். மறுபடி தள்ளினதும் வெளிச்சம் வந்தது. முன் சக்கரம் ஓரக் கோட்டுக்கு மேல் நின்றது.

"ஏனடா தம்பி லைற்றை நூத்தனி?" என்று அம்மா கேட்டா. பதில் சொல்ல வாய் வரவில்லை. யாழ்ப்பாணம் வரும்வரை இருபது மைல் வேகத்தில் ஓட்டினேன்.

அடுத்த நாள் விடியத் தேத்தண்ணிகூடக் குடிக்காமல் மூன்று ஒயரையும் கழற்றினேன். இரண்டு நிலைச் சுவிச் வாங்கிப் பூட்டியிருக்கலாம். பூட்டவில்லை. எதிரே வண்டி வரும்போது கை ஸ்ரியரிங்கில் இருக்க வேண்டும். இடது கால் அந்த நேரத்தில் சும்மாதான் இருக்கிறது. இந்தச் சுவிச்சைக் காலடியில் வைத்தவர்கள் காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள்.

எறியாமல் வைத்திருந்த பழைய கால் சுவிச்சைத் திறந்தேன். உள்ளே செப்புத் தகடு நல்லது. ஸ்பிரிங்கும் முனைகளும்தான் துருவும் மண்ணும். ஒரு இரவு மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, முனைகளை 400 ஆம் இலக்கச் சான்ட்பேப்பரால் மெல்ல உரசி, கொஞ்சம் கிறீஸ் வைத்தேன். முந்தி மிதித்தால் 'கர்ர்' என்று அரைபட்டது, இப்போது சுத்தமாக 'டக்' என்கிறது. வைத்த இடத்தை மட்டும் மாற்றினேன். பழைய இரண்டு போல்ற் துளைகளிலேயே 3 மில்லிமீற்றர் இரும்புத் தகட்டில் ஒரு தாங்கி வளைத்துப் பூட்டி, சுவிச்சைத் தரையிலிருந்து 40 மில்லிமீற்றர் உயர்த்தினேன். தண்ணீர் இனித் தேங்கினாலும் எட்டாது. குதி தரையில் இருக்க விரல் பகுதியாலேயே மிதிக்க முடிகிறது. வளைக்கிற கோணத்துக்கு இரண்டு தகடு வீணானது, மூன்றாவது சரிவந்தது.

பலகையில் இப்போது இருப்பது இடமிருந்து வலமாகப் பச்சை லைற், விசிறிச் சுவிச், போன் சார்ஜ் போடுகிற சொக்கற். டிப் இருந்த துளையை முதிரை ஆப்பால் அடைத்தேன். சொக்கற் பூட்டும்போது மரப்பலகையின் அருமை விளங்கியது. அதன் வெளிக் குழல் மைனஸ். இரும்பு டாஷ்போட்டில் நேராகப் பூட்டினால் மைனஸ் போய்ப் பிளஸ் பாடியில் முட்டி உடனே ஷோட் அடிக்கும். மரத்தில் அந்தப் பயம் இல்லை. நடு முனைக்குப் பாடியிலிருந்து ஒயர், வெளிக் குழலுக்குப் பச்சை ஒயரிலிருந்து 3 ஆம்பியர் தனிப் பியூஸோடு. சார்ஜர் வயரின் நுனி இரும்பும் மைனஸ்தான், ஆகவே போன் கழற்றின வயரைத் தகட்டில் தொங்கவிடுவதில்லை.

பியூஸ் பற்றிப் பெரியவர் சொன்னதையும் எழுத வேண்டும். லூக்காஸ் பெட்டியில் இருக்கிற இரண்டு கண்ணாடிப் பியூஸிலும் 35 என்று போட்டிருக்கும். அது எரிந்து அறுகிற அளவு. தொடர்ந்து தாங்குவது 17 ஆம்பியர் வரைதான். இப்போது கடையில் 35 என்று கேட்டால் தருவது தொடர்ந்து 35 தாங்குகிற வகை. ஒயர் எரிந்த பிறகும் பியூஸ் இருக்கும். நான் இரண்டையும் 15 க்கு மாற்றினேன். ஹெட்லைற்றுக்கு இந்தக் காரில் பியூஸே இல்லாதபடியால், நீல ஒயரில் தனியாக ஒன்று பூட்டினேன்.

பனி லைற்றுகளைக் கழற்றிவிட்டேன். டைனமோ உச்சத்தில் தருவது 22 ஆம்பியர், அதுவும் எஞ்சின் நன்றாகச் சுற்றும்போது. ஹெட்லைற் 8, சின்ன லைற்றுகள் 2, கொயில் 3 சொச்சம், வைப்பர் 2 சொச்சம், விசிறி 1.5, சார்ஜ் 1 என்று கூட்டினால் 18 இல் நிற்கிறது. பனி லைற் இரண்டும் இன்னும் 9 கேட்கும். அந்தக் கணக்கு ஒத்துவராது. யாழ்ப்பாணத்தில் அவ்வளவு பனியும் இல்லை.

செலவு: மரம் 300, இரண்டு சுவிச் 850, எல்.ஈ.டி. மூன்று 540, சொக்கற் 950, ஒயரும் முனைகளும் 3,200, பியூஸும் தாங்கிகளும் 1,100, இரும்பும் அலுமினியமும் 1,300, கருகின பிளாஷர் 1,450. மொத்தம் 9,690 ரூபாய். யோசித்துச் செய்திருந்தால் ஏறக்குறைய 6,500 ரூபாயோடு முடித்திருக்கலாம்.

மறுபடி செய்வதென்றால் முதிரைக்குப் பின்னால் 3 மில்லிமீற்றர் பேக்கலைட் தகட்டை வைத்து அதில் சுவிச்சைப் பூட்டுவேன். மரம் முகத்துக்கு மட்டும். சுவிச் வாங்கும்போது கடையிலேயே மீற்றர் வைத்து எத்தனை நிலை என்று பார்ப்பேன். இணைப்புகளை நசுக்கினதோடு விடாமல் ஈயமும் வைப்பேன். நசுக்கின இரண்டு முனைகள் ஏற்கெனவே ஆட்டம் கண்டுவிட்டன. விசிறிச் சுவிச்சின் குமிழை விரலுக்கு வித்தியாசம் தெரிகிற மாதிரி வேறு வடிவத்தில் போடுவேன்.

கம்பு நுனியில் இருந்த பச்சை மணியைக் கழற்றவில்லை. அதன் ஒயரைச் சுருட்டிக் கட்டி உள்ளே வைத்திருக்கிறேன். பொனற்றுக்குள், பற்றரிக்கு நேர் மேலே, சிவப்புப் பெயின்றால் "பாடி = பிளஸ்" என்று பெரிதாக எழுதிவிட்டேன். பெயின்ற் காய்ந்த அன்றைக்கே பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வாசித்துவிட்டு, சிக்னலைப் போடச் சொல்லி, காரின் முன்னும் பின்னும் ஒரு தரம் நடந்து பார்த்தார்.